மலிவின் விலை

(நெய்வேலி நகரியத்தில் தமிழன்பரிடை ஆற்றிய உரை)



உள்நாட்டுப் பொருளுக்குச் சில உருபா கூடுதலாகக் கொடுப்பது தகுமா என்னும் வினா, ஊதியம் பெறும் ஒவ்வொரு குடும்பத்திலும் எழுவதே. அதற்குத் தூத்துக்குடிக் கடல் முன்னரே விடை கூறியிருக்கின்றது.

1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். பங்கொன்று 25 உருபா. தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே தமிழன் கப்பல் ஓடக் கண்ட ஆங்கிலக் கப்பல் நிறுவனம், கட்டணத்தை ஓர் உருபாவாகக் குறைத்தது. பின்னர், "கட்டணமே வேண்டா, குடையும் தருவோம்" என்றது. 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. எதிர்ப்பாரற்ற கடலில் விலையில்லாக் குடை எதற்கு? தூண்டிற்புழு மீன்மேற் கொண்ட அன்பாலன்று கோக்கப்படுவது!

இற்றை நிலையை நோக்குங்கள். நெய்வேலிக்கு அணித்தே உள்ளது குறிஞ்சிப்பாடி. ஆங்குக் கைத்தறியில் நெய்யும் கைலி, விசைத்தறிக் கைலியினும் விலை கூடியது. விசைத்தறியில் ஓராள் பல தறிகளைப் பார்ப்பான். கைத்தறியிலோ ஒரு தறிக்கு ஒருவரின் கையும் காலும் ஓயாதுழைக்க வேண்டும். விலை கூடுதற்குக் காரணம் இதுவே. விசைத்தறியாளரும் தமிழரே, அவர்மேற் பகையில்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறியென்று விற்பதே பொய்.

ஆகவே, இரண்டு பார்த்துக் கொடுங்கள். ஒன்று, பொருள் செவ்விதா? குறையுடையதை இரக்கத்தால் வாங்குவது தொழிலை வளர்க்காது. மற்றொன்று, கூடுதற் காசு நெய்தவன் உலைக்குச் சேருமா, இடைத்தரகன் பெட்டிக்கா? 2006-இல் வந்த கைத்தறிக் குறியைத் தேடுங்கள். கூடுமாயின் நெசவாளர் கூட்டுறவிலேயே வாங்குங்கள்.

நாட்கூலி பெறுவோன் மலிவை நாடினாற் குற்றமில்லை. நிலைத்த ஊதியம் பெறுவோனுக்கு அச்சாக்கு இல்லை. 2013-இல் இந் நகரியத்தின் நிலக்கரி நிறுவனப் பங்குகளை நடுவணரசு விற்க முனைந்தது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். விற்பனைக்கு வந்த பங்குகளைத் தமிழ்நாட்டரசின் நிறுவனங்களே வாங்கின. அது தமிழ்மக்கள் பணம். குறிஞ்சிப்பாடி நெசவாளி செலுத்திய வரியும் அதனுள் அடங்கும்.

தம் தொழிலைப் பிறர் காக்க வேண்டுமென்று கேட்டவர், அந் நெசவாளியிடம் பத்து உருபாவிற்குப் பேரம் பேசுவது அறமாகுமா? கடைக்குச் செல்லுமுன் எண்ணிப் பாருங்கள்!