டிராக்டர் தார்ச்சாலையில் ஏறும்போது

(பரமத்தி வேலூரில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியருக்கு மோட்டார் சட்டத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வாழைக்கு எத்தனை முறை உரமிட வேண்டும், கரும்பில் எப்போது சோகை உரிக்க வேண்டும் என்பதையெல்லாம் நாங்கள் அடிக்கடி சொல்லி வருகிறோம். ஆனால் பத்து ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்ததை ஒரே மாலையில் இழக்கும் வழி ஒன்றும் உண்டு. அது பூச்சியாலும் வறட்சியாலும் வருவதன்று. கூலியாட்களை ஏற்றிச் சென்ற டிரெய்லர் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்வதால் வருவது. அதைப் பற்றியே இன்று பேச இருக்கிறேன்.

நம் பகுதியில் வாழைத்தார், கரும்பு, வெல்லம், தேங்காய் எதுவானாலும் டிராக்டரில்தான் போகிறது. சேலத்திலிருந்து நாமக்கல், வேலூர் வழியாகக் கரூர் செல்லும் சாலை முன்பு 7-ஆம் எண்ணாக இருந்து, இப்போது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக விளங்குகிறது. வடகோடியில் ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் சாலை இது. விரைந்து வரும் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே நம் டிராக்டரும் அதே சாலையில் மெதுவாக ஊர்ந்தாக வேண்டியிருக்கிறது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. இச்சட்டத்தின்படி டிராக்டரும் ஒரு மோட்டார் வாகனமே. பொது இடத்தில் ஓட வேண்டுமானால் அதற்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அபராதத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று.

மூன்றாம் நபர் யார்? சாலையில் நடந்து போகிறவர், சைக்கிளில் வருகிறவர், எதிரே வரும் வண்டியில் இருப்பவர் ஆகியோர். உங்கள் வண்டியால் அவர்களுக்கு ஏற்படும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கிறது. ஆனால் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து வருகிறவரும், டிரெய்லரில் நின்று வருகிறவரும் இந்தக் கணக்கில் வருவதில்லை. விவசாய டிராக்டரில் ஓட்டுநருக்குத்தான் இருக்கை. மற்றவர் அமர அதில் சட்டப்படி இடமில்லை. பாலிசியிலும் பெரும்பாலும் "விவசாயப் பயன்பாட்டிற்கு மட்டும்" என்றே எழுதியிருக்கும். டிரெய்லரின் பெயரே அதில் இராது.

2007-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு தொழிலாளி மண் வெட்டி டிரெய்லரில் ஏற்றிவிட்டு, அதே வண்டியில் செங்கல் சூளைக்குச் சென்றபோது விழுந்து பலத்த காயமடைந்தார். டிராக்டருக்குக் காப்பீடு இருந்தது. டிரெய்லருக்கு இல்லை. சூளைக்கு மண் கொண்டு போவது விவசாய வேலையுமன்று. ஆகவே காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று நீதிமன்றம் கூறியது. அந்தத் தொழிலாளியின் ஏழ்மையைக் கருதித் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, முதலில் நிறுவனம் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு அதை டிராக்டர் உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. தொழிலாளிக்கு நியாயம் கிடைத்தது, நல்லதே. கடன் யார் தலையில் விழுந்தது என்பதைக் கவனியுங்கள்.

வசூல் எப்படி நடக்கும்? சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி, தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பினால் அந்தத் தொகையை நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கலாம். நிலவரிப் பாக்கி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டமும் கிணறும் ஏலத்துக்கு வரக்கூடிய காரியம் அது.

இதைச் சொல்லிக் கொண்டிருக்கும்போதே பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க சார், அப்படின்னா களையெடுக்கற பொம்பளையாளுங்கள எதுலீங்க கூட்டிக்கிட்டு வர்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாற்று நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆள் கிடைப்பதே அரிதாக இருக்கும் காலத்தில், பத்துப் பேரை எட்டு மைல் நடக்கச் சொல்ல முடியாது. ஆனாலும் என் பதில் ஒன்றுதான். ஆள் ஏற்ற உரிமம் பெற்ற வேனையோ ஆட்டோவையோ பேசிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தோட்டக்காரர்கள் சேர்ந்து பேசினால் வாடகை கட்டுப்படியாகும். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊரையே டிரெய்லரில் அள்ளிக்கொண்டு போவதை மட்டும் அடியோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டேன்.

அடுத்த முறை காப்பீடு புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பாலிசியை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். டிரெய்லரின் பதிவு எண்ணும் சேசிஸ் எண்ணும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஓட்டுநரும் பாரம் ஏற்றி இறக்கும் ஆட்களும் கூடுதல் பிரீமியத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா? டிராக்டரை வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் சொல்லி, அதற்குரிய பாலிசியையே கேட்டு வாங்குங்கள். இதற்கு ஆகும் கூடுதல் செலவைக் கஞ்சத்தனமாகப் பார்க்கக்கூடாது.

ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ எடை வரையிலான சரக்கு வண்டியையும் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. டிரெய்லரை மாட்டியதனாலேயே டிராக்டர் ஓட்டுநரின் உரிமம் செல்லாததாகிவிடாது என்பது 2001-இலேயே முடிந்துபோன விஷயம். ஆனால் உரிமமே இல்லாத பையனிடம் சாவியைக் கொடுப்பது வேறு. பதினெட்டு வயது ஆகாதவன் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

கரும்பு லோடு பற்றி ஒரு வார்த்தை. தோகையோடு தொங்கும் பாரம் பின் விளக்கை முழுதாக மறைத்துவிடுகிறது. இருட்டில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குத் தெரிவதெல்லாம் கறுப்பு மட்டுமே. பாரத்தின் கடைசி முனையில் சிவப்பு விளக்கும், டிரெய்லரின் பின்பலகையில் ஒளிரும் சிவப்புப் பட்டையும் இருக்க வேண்டும். வண்டி பழுதாகி நின்றால் கல்லை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போவதும், பிறகு அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுச் செல்வதும் கொலைக்கு ஒப்பான காரியங்கள். சாலையில் சோளமும் நிலக்கடலையும் காய வைப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பொது வழியை அடைத்து ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? காயம்பட்டவருக்கு உடனே மருத்துவ உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் உயிருக்குத் தப்பி விலகுவதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் விலகியவர் நேரே காவல் நிலையம் போக வேண்டும். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் உரிமைகளும் குறைவல்ல. அடிபட்டவரைத் தூக்கிச் சென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றமும் 2019 திருத்தத்தில் 134-ஏ பிரிவும் இந்த அச்சத்தை நீக்கிவிட்டன. உதவியவர் தம் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர்மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆகவே 108-ஐ அழைக்கப் பணத்தை நினைத்துத் தயங்காதீர்கள்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் அடிபட்டவரும் தாம் குடியிருக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்தில், அதாவது நம் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு சட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பதால், காயம் ஆறட்டும் என்று காத்திராமல் அதற்குள்ளாகவே மனுவைப் போட்டுவிடுங்கள். விடியற்காலையில் சைக்கிளில் பூ விற்கப் போகிறவரை இடித்துவிட்டு ஒரு வண்டி நிற்காமல் போய்விட்டது, எண் தெரியவில்லை என்றாலும் கைவிட வேண்டாம். அதே 2022 ஏப்ரல் முதல் இத்தகைய விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. இதற்கான விண்ணப்பத்தை வருவாய்த் துறை அலுவலர் விசாரிப்பார். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் மருத்துவச் சான்றையும் அதனுடன் இணைத்துக் கொடுக்க வேண்டும்.