முதல்ல சொறிஞ்சது யாரு?

மைக்கைப் பிடிச்சு நான் பேசறது இதுதான் முதல் தடவைங்க. சேமிப்பு, கடன் பத்தி மத்தவங்க நல்லாப் பேசிட்டாங்க. நான் சொறி சிரங்கைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. அதனால எங்க குழுவே உடையப் பார்த்துச்சு. உடைக்கப் பார்த்தது நான்தான்.

எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நடுவுல ஒரே வாசல். ரெண்டு பேரும் ஒரே குழு. வேன்ல கொண்டாந்து போடற பனியனை வாங்கி, திண்ணையில எதிரெதிரா உக்காந்து பிசிறு வெட்டுவோம். என் மக ஹாஸ்டல்ல தங்கி ஒன்பதாவது படிக்கறா. அரைப் பரீட்சை லீவுக்கு வந்திருந்தப்ப எங்க சித்தப்பா தவறிட்டாருங்க. நானும் வீட்டுக்காரரும் பழனிக்குப் போயிட்டோம். மக ரெண்டு ராத்திரி அக்கா கூடவே ஒரே பாயில படுத்துத் தூங்கினா.

நாங்க திரும்பி வந்த மறுநாளே அக்காவுக்கு அரிப்பு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் பொரிப்பொரியா. ராத்திரியில தூக்கமே இல்லைன்னாங்க. பொங்கலுக்கு மக வந்தப்ப அவளும் சொறிஞ்சா. தை மாசக் கடைசியில எனக்கு, அப்புறம் வீட்டுக்காரருக்கு. நான் கணக்குப் போட்டேன். முதல்ல சொறிஞ்சது அக்கா, அவங்க பாயில படுத்தது என் மக. கொண்டு வந்தது யாருன்னு இதுக்கு மேல என்ன கேக்கணும்?

குழுக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லிட்டேன். அக்கா ஒரு வார்த்தை பேசல. நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. மூணு வாரம் வரவே இல்லை. தவணைப் பணத்தைப் பையன் கையில குடுத்து விட்டாங்க. அந்தப் பணத்தை நான் நுனியில பிடிச்சு வாங்கினேங்க. அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

இதுக்கு நடுவுல குப்பைமேனி, மஞ்சள் எல்லாம் அரைச்சுப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இதமா இருந்துச்சு, அவ்வளவுதான். மருந்துக் கடையில ஒரு களிம்பு வாங்கினேன். ரெண்டு நாள் அரிப்பு அடங்குச்சு, அப்புறம் வயிறு, தொடைன்னு பரவிருச்சு. மாசி மாசம் மகளையும் கூட்டிக்கிட்டு தாராபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா விரல் இடுக்கை லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க. தோலுக்குள்ள பென்சில் கீறல் மாதிரி ஒரு சின்னக் கோடு. கண்ணுக்கே சரியாத் தெரியாத பூச்சி, அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. பெண் பூச்சி தோலைத் தோண்டி உள்ள போயி தினம் ரெண்டு, மூணு முட்டை போடுமாம். உடம்பு முழுக்கச் சேத்தே பத்துப் பதினஞ்சு பூச்சிதான் இருக்குமாம். "அதுக்கா இத்தனை அரிப்பு?"ன்னேன்.

அரிப்பு பூச்சி தோண்டறதால இல்லைம்மா, உங்க உடம்பு அதை எதுத்துச் சண்டை போடறதால, அப்படின்னாங்க. பூச்சியோட எச்சில், கழிவு, முட்டை இதெல்லாம் நம்ம உடம்புக்கு அந்நியப் பொருள். ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள்ல டி செல்னு ஒண்ணு இருக்காம். அது இதை அடையாளம் கண்டுபிடிச்சு மத்த அணுக்களைக் கூப்பிடும். தோல்ல இருக்கற மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். அதுவும் அரிப்பைக் கிளப்பும். ஆனா முதல் தடவை அடையாளம் கண்டுபிடிக்கவே நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். பூச்சியும் தன் எச்சிலால நம்ம அணுக்களை ஏமாத்தி வெச்சிருக்குமாம். பனியன் கம்பெனியில செக்கிங் பார்த்தவங்களுக்கு இது புரியும். புதுசா வந்த பிள்ளை கண்ணுக்குத் துணியில இருக்கற பழுது தெரியாது. பழகின கைக்குத் தொட்டதும் தெரியும். ஒரு தடவை சொறி வந்த உடம்பு பழகின கைங்க. மறுபடி பூச்சி ஏறினா ஒண்ணுல இருந்து நாலு நாளைக்குள்ளயே அரிக்க ஆரம்பிச்சிரும்.

கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி மில்லு ஹாஸ்டல்ல இருந்தப்ப சொறி வந்து அவதிப்பட்டதை அவங்களே எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. மககிட்டக் கேட்டா, ஹாஸ்டல்ல அவ பக்கத்துல படுக்கற ரெண்டு பிள்ளைங்களுக்குக் கார்த்திகையில இருந்தே அரிப்பாம். கொண்டு வந்தது என் மக, அரிப்பே தெரியாம. முதல்ல சொறிஞ்சது, வாங்கிக்கிட்டவங்க.

மக போன்ல தேடி ஒண்ணு படிச்சுக் காட்டினா. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இங்கிலாந்துல ஷெஃபீல்டுங்கற ஊர்ல மெல்லன்பின்னு ஒருத்தர், போருக்குப் போக மாட்டோம்னு சொன்ன ஆளுங்க உடம்புல, அவங்க சம்மதத்தோடதான், இந்தப் பூச்சியை ஏத்திப் பார்த்தாராம். முதல் தடவை கிட்டத்தட்ட ஒரு மாசம் அரிப்பே இல்லை. ரெண்டாம் தடவை ஒரே நாள்ல அரிப்பு. போர்வையை விட, உடம்போட உடம்பு ஒட்டிப் படுக்கறதுலதான் அதிகம் பரவுதுன்னும் கண்டுபிடிச்சிருக்காரு.

கடையில வாங்கின களிம்பை டாக்டரம்மா தூக்கிப் போடச் சொன்னாங்க. அதுல ஸ்டீராய்டு இருக்காம். சண்டை போடற அணுக்களோட கையைக் கட்டிப் போட்டுரும். அரிப்பு அடங்கும், பூச்சி நிம்மதியாப் பெருகும். எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைஞ்ச பெரியவங்களுக்கு அரிப்பே இல்லாம ஆயிரக்கணக்குல பூச்சி பெருகி, தோல் செதில் செதிலா ஆகறதும் உண்டாம்.

குடுத்த மருந்து பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு. ராத்திரி கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும், நகக்கண்ணு, தொப்புள் விடாமப் பூசி, காலையில குளிக்கணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. அரிப்பு இல்லாதவங்க உட்பட வீட்டுல எல்லாரும் ஒரே ராத்திரி பூசணும். நாங்க விட்டது இதைத்தாங்க. கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தா டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான். துணி, போர்வையைச் சுடுதண்ணியில அலசி வெயில்ல போடணும். பூச்சி செத்த பின்னாடியும் ரெண்டு, மூணு வாரம் அரிக்கும். செத்த பூச்சியை எதுத்தும் அணுக்கள் சண்டை போடுமாம். அதுக்குப் பயந்து திரும்பத் திரும்பப் பூசக் கூடாது.

அன்னைக்குச் சாயங்காலமே அக்காவையும் பையனையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லலாம்னு அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னேன். விஷயத்தைச் சொல்லிட்டு, என்னை மன்னிச்சிருங்கக்கான்னேன். அவங்க உடனே ஒண்ணும் சொல்லல, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க. மறுநாள் மருந்து வாங்கிட்டு வந்த பின்னாடி ராத்திரி கதவைத் தட்டினாங்க. "முதுகு எட்டல, நீ பூசி உடு"ன்னு திரும்பி உக்காந்தாங்க.

இதை இங்க பேசட்டுமான்னு அக்காகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். எல்லாத்தையும் சொல்லு, நோட்டு நுனியில பிடிச்சதையும் சேத்துச் சொல்லுன்னாங்க. சொல்லிட்டேங்க.