மொட்டை மாடி நாற்காலி ஏன் உடைஞ்சுது?

இன்னிக்கு எபிசோட் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பத்தி. ஆமா, கல்யாண மண்டபத்துல அடுக்கி வெச்சிருப்பாங்களே, அதே நாற்காலிதான்.

போன சித்திரை மாசம். வெண்ணந்தூர்ல எங்க அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, மொட்டை மாடியில வடகம் காயப் போட்டுட்டு காக்கா விரட்ட உக்காந்திருக்காங்க. எங்க பக்கத்து வெயில் சாதாரண வெயில் இல்லைங்க. ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்துல ஜவ்வரிசியைக் களத்துல கொட்டிக் காய வைக்கறதே இந்த வெயிலை நம்பித்தான். திடீர்னு 'படக்'னு ஒரு சத்தம். நாற்காலியோட பின்னங்கால் முறிஞ்சு அம்மாயி கீழ விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிவு, சேலத்துல ஆபரேஷன். இன்னிக்கும் வாக்கர் வெச்சுத்தான் நடக்கறாங்க.

பார்க்க வந்தவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "பார்த்து உக்காரக் கூடாதா?" அம்மாயியும், "நாந்தான் தொம்முனு உக்காந்துட்டேன் கண்ணு"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க.

நான் மாடிக்குப் போய் அந்த உடைஞ்ச காலை எடுத்துப் பார்த்தேன். உக்கார்ற பலகைக்கு அடிப்பக்கம் நல்ல மெரூன் கலர். மேல்பக்கம் வெளுத்து, விரலால தடவினா சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டுது. காலோட வெளிப்பக்கம் வறண்ட ஏரி மாதிரி மெல்லிசா வெடிப்புகள். பக்கத்துலயே கருப்புத் தண்ணித் தொட்டி. ரெண்டும் வீடு குடிபோன வருஷம் வாங்கினது. எட்டு வருஷமா ஒரே மாடி, ஒரே வெயில். தொட்டி பளபளப்பு கொஞ்சம் போயிருக்கு, அவ்வளவுதான். அப்ப நாற்காலிக்கு மட்டும் என்ன ஆச்சு?

பிளாஸ்டிக்ங்கறது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள், ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. அந்த நீளமும் பின்னலும்தான் அதோட பலம். வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் பட்டு, காத்துல இருக்கற ஆக்சிஜனும் சேர்ந்துக்கும்போது, அந்தச் சங்கிலிகள் துண்டு துண்டா அறுபடும். எங்க ஊர்ல தறி ஓட்டறவங்களுக்கு இது புரியும். பாவுல ஒரு நூல் அறுந்தா உடனே கண்ணுக்குத் தெரிஞ்சுடும், தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுடலாம். இங்க கோடிக்கணக்குல அறுந்தாலும் நாற்காலி பார்க்க நாற்காலியாத்தான் நிக்கும். வளைஞ்சு கொடுக்கற குணம் மட்டும் போய், ஒரு நாள் பட்டுனு உடையும்.

நாற்காலிகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன்ல செய்யறது. தொட்டி பாலிஎத்திலீன். பாலிப்ரோப்பிலீன் சங்கிலியில சீக்கிரமா ஆக்சிஜன் தாக்கற இடங்கள் நிறைய. அதைக் காப்பாத்த யூவி ஸ்டெபிலைசர்னு ஒரு சேர்மானம் போடணும். விலையைக் குறைக்க நினைச்சா முதல்ல கை வைக்கறது அதுலதான். கருப்புத் தொட்டியில இருக்கறது கார்பன் பிளாக், நுண்ணிய கரி. அது புற ஊதாக் கதிரை மேற்பரப்புலயே உறிஞ்சி, உள்ள போக விடாது. தண்ணி கொண்டுபோற கருப்பு எச்டிபிஇ குழாய்க்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4984, கார்பன் பிளாக் 2.5 சதவீதம் இருக்கணும், அரை சதவீதம் கூடலாம் குறையலாம்னு சொல்லுது. வெறும் கலருக்காகப் போடறதா இருந்தா இவ்வளவு கறார் எதுக்கு?

சரி, இதை விக்கறதுக்கு முன்னாடியே சோதிக்க முடியாதா? முடியும். ஒரு பெட்டிக்குள்ள புற ஊதா விளக்கு வெச்சு, பிளாஸ்டிக் துண்டுகளை மாட்டிடுவாங்க. ஏஎஸ்டிஎம் ஜி154-ல வழக்கமான ஒரு சுற்று: 8 மணி நேரம் 60 டிகிரியில விளக்கு, அப்புறம் 4 மணி நேரம் இருட்டுல 50 டிகிரியில ஈரம் படிய விடறது. பகல், ராத்திரி, பனி மாதிரி. இதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, நடுநடுவுல இழுத்துப் பார்த்து, எவ்வளவு பலம் மிச்சம்னு அளப்பாங்க. சென்னை கிண்டியில இருக்கற சிப்பெட், 1968-ல ஆரம்பிச்சது, பிளாஸ்டிக்குக்குன்னே இருக்கற மத்திய அரசு நிறுவனம். பிளாஸ்டிக் சோதனை அவங்க வேலைகள்ல ஒண்ணு.

நம்ம பாஷையில சொன்னா இது லோட் டெஸ்ட். லோட் டெஸ்ட்ல பாஸ் ஆன ஆப், தீபாவளி சேல் அன்னிக்கு படுத்துக்கலையா? அதே கதைதான். "இத்தனை மணி நேரம் தாங்குச்சு, அப்ப இத்தனை வருஷம் வரும்"னு நேரடியா கணக்குப் போட முடியாது. விளக்கு சூரியன் இல்லை. சூடு, ஈரம், மேல ஏறி உக்கார்ற எடை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். லேப் சோதனை நம்பகமா சொல்றது, "ரெண்டுல எது முதல்ல கெடும்"ங்கறதைத்தான்.

அதனாலதான் இன்னும் நிஜ வெயில்லயும் வெச்சுப் பார்க்கறாங்க. ஈரமும் வெயிலும் சேர்ந்ததுக்கு ஃபுளோரிடா, வறண்ட வெயிலுக்கு அரிசோனா. இரும்பு மாதிரி உலோகங்களுக்கு நம்ம ஊர்லயே உதாரணம் உண்டு. 1948-ல அடிக்கல் நாட்டின காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு மண்டபத்துல ஒரு ஆய்வு மையம் இருக்கு. உப்புக் காத்துல உலோகத் தகடுகளை மாட்டி வெச்சு, எவ்வளவு துருப் பிடிக்குதுன்னு அளப்பாங்க. அவசரப்படாத சோதனை. பதில் வர வருஷக்கணக்காகும்.

நம்ம வீட்டுல லேப் கிடையாது, ஆனா விரல் இருக்கு. வெயில்ல கிடக்கற நாற்காலி, ஸ்டூல், பிளாஸ்டிக் கயிறு எதுவா இருந்தாலும் தடவிப் பாருங்க. வெள்ளைப் பொடி ஒட்டுதா? நிழல்ல இருக்கற பக்கத்தோட கலர் வேற மாதிரி இருக்கா? நகத்துல மாட்டற மாதிரி வெடிப்பு இருக்கா? வெடிப்பு வந்துடுச்சுன்னா அதுல யாரையும் உக்கார விடாதீங்க. செடித் தொட்டி வைக்கலாம். புதுசு வாங்கினா, நிழல்ல போடுங்க.

போன வாரம் ஊருக்குப் போனப்ப அந்த முறிஞ்ச காலை அம்மாயி கையில கொடுத்து, எல்லாத்தையும் சொன்னேன். "நீங்க எப்படி உக்காந்திருந்தாலும் இது உடைஞ்சிருக்கும் அம்மாயி"ன்னேன். ரெண்டு பக்கமும் தடவிப் பார்த்துட்டு, "இதை உங்கம்மாகிட்டயும் ஒருக்கா சொல்லு சாமி"ன்னாங்க. சொல்லிட்டேன். இப்ப உங்ககிட்டயும் சொல்லிட்டேன்.

இந்த வாரம் மாடிக்குப் போனா ஒரு தடவை தடவிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.