எட்டு வண்டிகளும் ஒரு பலகையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பற்றியும் மொழி பற்றியும் பேசக் கற்றறிந்தோர் பலர் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். எங்களுக்குத் தரப்பெற்ற பொருளோ பொம்மை ரயில். நிகழ்ச்சி நிரலில் இத்தலைப்பைக் கண்டு சிலர் புன்முறுவல் பூத்ததை நாங்களும் கவனித்தோம். ஐம்பதைக் கடந்த நால்வர் மாலைதோறும் ஒரு பலகையைச் சூழ்ந்தமர்ந்து, கைவிரல் நீளமே உள்ள வண்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தால் கண்டோர் நகைப்பது இயல்பே. எங்கள் வீட்டாரும் நகைத்தனர். ஆகவே அதுபற்றி வருந்தாமல் சொல்ல வந்ததைத் தொடங்குகின்றோம்.

கோவண்டி நிலைய மேடையில் நின்று நாம் நாள்தோறும் காண்பவை மக்களைச் சுமந்து செல்லும் மின்வண்டிகள். அவை வருகின்றன, நிற்கின்றன, போகின்றன. ஆயினும் இப்பகுதிக்கு இருப்புப் பாதை வந்த காரணம் வேறு. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் போடப்பட்ட ஒற்றைத் தடம் மாநகரின் குப்பையைச் சுமந்து வரப் பயன்பட்டது. மக்கள் ஏறுவதற்கு அது திறந்துவிடப்பட்டது 1924இல்தான். பின்னாளில் டிராம்பே பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 1965இல் உரத் தொழிற்சாலையும் எழுந்தபோது சரக்கு வண்டிகளின் போக்குவரத்து பெருகிற்று. அச்சரக்கு வண்டிகளை வேண்டிய வரிசையில் பிரிப்பதும் கோப்பதுமாகிய வேலைக்கு ஷண்டிங் என்று பெயர். நம்மில் பலர் சிறுவயதில் சாளரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஏன் இந்த எஞ்சின் போன வழியே திரும்பத் திரும்ப வருகிறது?” என்று வியந்திருப்போம். அந்த ‘ஏன்’ என்னும் கேள்விக்கு விடையாக அமைந்ததே எங்கள் பலகை.

இவ்விளையாட்டை முதலில் வகுத்தவர் ஆலன் ரைட் என்னும் ஆங்கிலேயர். சாமர்செட் மாவட்டத்துக் கில்மர்ஸ்டன் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தின் சிறு யார்டைக் கண்டு அதனைப் பலகைமேல் அமைத்தார். ‘இங்கில்நுக் சைடிங்ஸ்’ என்று பெயரிட்டார். அமைப்பு மிக எளியது. ஒரு தடம், அது இரண்டு பாயிண்டுகளால் மூன்று கிளைகளாகப் பிரிகின்றது. நீண்ட கிளையில் 5 வண்டிகள் நிற்கலாம். மற்ற இரண்டிலும் மும்மூன்று. பிரியும் இடத்துக்கு இப்பால் உள்ள வால்தடத்தில் எஞ்சினும் 3 வண்டிகளும் மட்டுமே அடங்கும். வண்டிகள் மொத்தம் 8. கிளைகளில் இடமோ 11. நீண்ட கிளையில் ஐந்தும் குறுங்கிளை ஒன்றில் மூன்றுமாக அவை நிற்க, எட்டுச் சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் ஐந்து வண்டிகளையும் நீண்ட கிளையில் கோத்து நிறுத்தினால் ஆட்டம் முடிந்தது.

புலியையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் அக்கரை சேர்த்த ஓடக்காரன் கதை நம் பாட்டிமார் சொல்லி நாமெல்லாரும் அறிந்ததே. இதுவும் அவ்வினத்தைச் சேர்ந்ததுதான். ஓடம் சிறியது என்பதால் கதை பிறந்தது. வால்தடம் குறுகியது என்பதால் ஆட்டம் பிறந்தது. எட்டு வண்டிகளுள் ஐந்தை வரிசைப்படுத்தும் வழிகள் எத்தனை என்று பள்ளிச் சிறுவரும் கணக்கிடலாம்: எட்டை ஏழால் பெருக்கி, ஆறால், ஐந்தால், நான்கால் பெருக்க 6720 வரும். நாளுக்கு ஒன்றாக ஆடினால் 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! எங்கள் டிரங்குப் பெட்டி மூடிக்கிடந்த காலமும் ஏறத்தாழ அவ்வளவே. அக்கதைக்கு இனி வருகின்றோம்.

எங்கள் முதற் பலகை 1996இல் செய்யப்பெற்றது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர் வாழ்ந்த காலம் அது. வட்டமாகத் தடம் போட்டு வண்டி ஓட்ட இடம் ஏது? புணே நகரின் கோத்ருட்டில் ஜோஷி அவர்களின் சிற்றுரு ரயில் காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டபின் அங்குச் சென்று பார்த்தோம். மலையும் பாலமும் ஊரும் விளக்குமாக ஓர் உலகமே அங்கு இயங்குகின்றது. கண்டு மகிழ்ந்தோம், நமக்கு ஆகாது என்று திரும்பினோம். நாலரை அடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள எங்கள் பலகை நடுவில் கீல் வைத்து மடிப்பது, கட்டிலுக்கடியில் அடங்குவது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் நால்வருள் ஒருவருடைய தந்தையார் ஒரு யார்டில் பாயிண்ட்ஸ்மனாகப் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. நாங்கள் ஆடத் தொடங்கிய முதல் மாதத்தில் அவர் பலகைப் பக்கமே திரும்பவில்லை. “வேலையைப் போய் விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள்” என்று மனைவியாரிடம் கூறியது எங்கள் காதிலும் விழுந்தது.

ஒருநாள் மாலை வரிசை ஒன்று எங்களுக்கு எளிதில் வசப்படவில்லை. எஞ்சின் எத்தனை முறை முன்னும் பின்னும் ஓடுகின்றதோ அதனையே எண்ணிக்கொண்டு, குறைந்த ஓட்டத்தில் முடித்தவர் வென்றவர் என்று ஆடிவந்தோம். பெரியவர் நெடுநேரம் வாயிற்படியில் அமர்ந்து பார்த்திருந்தார். பிறகு எழுந்து வந்து, “தம்பிகளா, எஞ்சின் ஓடுவதற்கா கணக்கு? அது எத்தனை தரம் வேண்டுமானாலும் ஓடட்டும். ஆள் எத்தனை தரம் உள்ளே போனான் என்று எண்ணுங்கள்” என்றார்.

அவர் ‘உள்ளே’ என்றதன் பொருளை இளைஞர்களுக்கு விளக்க வேண்டும். பழைய சரக்கு வண்டிகளின் முனைகளில் இரு பக்கமும் பஃபர் என்னும் இரும்புத் தாங்கிகள் இருக்கும். நடுவே கொக்கியும் திருகு சங்கிலியும் தொங்கும். இரு வண்டிகளைப் பிணைக்கவோ பிரிக்கவோ ஓர் ஆள் பஃபருக்குக் கீழே குனிந்து இரண்டுக்கும் நடுவில் நுழைய வேண்டும். எஞ்சின் மெல்ல அழுத்திச் சங்கிலி தளரும் நொடியில் அதனைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவான்; அல்லது கழற்றுவான். மழை நாளில் கால் வழுக்கும். இரவில் கைவிளக்கின் சைகையை ஓட்டுநர் சரியாகக் காண வேண்டும். அவ்வாள் வெளியே வந்து கைகாட்டும்வரை வண்டி அசையலாகாது. ஒவ்வொரு பிணைப்பும் ஒவ்வொரு பிரிப்பும் ஓர் உயிர் உள்ளே சென்று வெளியே வருவதாகும்.

அன்று பெரியவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, சற்று நேரம் எதனையும் தொடாமல் வண்டிகளைப் பார்த்தார். பிறகு ஆடினார். அதே வரிசையை நாங்கள் 26 முறை ‘உள்ளே போய்’ முடித்திருந்தோம். அவர் முடித்தது 14 முறையில். வண்டிகளை ஒவ்வொன்றாக இழுக்காமல், பின்னால் தேவைப்படும் இரண்டு வண்டிகளை முன்கூட்டியே சேர்த்துவைத்துக் கொத்தாக நகர்த்தினார். வால்தடத்தில் மூன்று வண்டிக்கு இடமிருக்கையில் ஒன்றோடு திரும்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்நாள்முதல் எங்கள் ஆட்டத்தின் கணக்கு மாறிற்று. எங்களுக்குத் தெரிந்தவரையில் இவ்வாறு எண்ணி ஆடுவோர் கோவண்டியில் மட்டுமே உள்ளனர் என்று சற்றே பெருமையுடன் சொல்லிக்கொள்கின்றோம்.

பின் 2005ஆம் ஆண்டு ஜூலை 26 வந்தது. அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று என்பது உங்களுக்குப் புதிய செய்தியன்று. தரைத்தளத்து வீட்டில் இருந்த எங்கள் பலகை இரண்டு நாள் நீரில் ஊறிற்று. ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிந்தது. மிஞ்சிய தண்டவாளங்களையும் எஞ்சினையும் வண்டிகளையும் துடைத்து, துரு ஏறாதிருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தோம். அடுத்த ஆண்டு புதுப்பலகை செய்வதாகத்தான் எண்ணம். ஒருவருக்கு வேலை மாற்றம், மற்றொருவருக்கு மகளின் படிப்பு, வேறொருவருக்கு வீட்டுக்கடன். பெரியவர் இரண்டொரு முறை, “பலகை என்ன ஆயிற்று?” என்று கேட்டார். மழை கழியட்டும் என்றோம். தீபாவளி கழியட்டும் என்றோம். 2011இல் அவர் காலமானார். அதன்பின் பெட்டியைத் திறக்க எங்களுக்குக் கை வரவில்லை.

சென்ற ஆண்டு அவர் மகன் வீடு மாறும்போது பெட்டி வெளியே வந்தது. தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு சொல்: இனி எவரும் அவ்வாறு செய்யற்க! பற்சக்கரங்களுக்கிடையே அது பிசினாய் உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, மோட்டாரின் செம்புப் பகுதியை ஸ்பிரிட்டால் துலக்கி, தேய்ந்த கரித்துண்டுகளை மாற்றி, தையல் எந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டோம். மூன்றாம் நாள் 12 வோல்ட் கொடுத்தபோது எஞ்சின் முனகிற்று; பிறகு நகர்ந்தது. அவ்வேளையில் நால்வரும் எழுப்பிய ஒலி கேட்டு அடுத்த வீட்டார் கதவைத் தட்டினர்.

நகர்ந்த எஞ்சின் பாயிண்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. இத்தொல்லை பழைய பலகையிலும் உண்டு. அக்காலத்தில் விரலால் தள்ளிவிடுவோம். இரு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பிளாஸ்டிக் துண்டு வைத்திருப்பார்கள். நெருங்கிய சக்கரங்களையுடைய சிற்றெஞ்சினுக்கு அவ்விடத்தில் மின்சாரம் கிட்டாது. இம்முறை அத்துண்டை நீக்கி உலோகம் பொருத்தினோம். பாயிண்ட் எப்பக்கம் திரும்புகின்றதோ அப்பக்கத்து மின்முனை அவ்வுலோகத்துக்குக் கிடைக்க வேண்டும். இல்லையேல் மின்சுற்று குறுக்கே பாய்ந்துவிடும். லாமிங்டன் சாலைக் கடையொன்றில் சில ரூபாய்க்கு வாங்கிய ஸ்லைடு ஸ்விட்ச் இரண்டு வேலையையும் செய்கின்றது. அதன் பொத்தானைத் தள்ளினால் தண்டவாள நாக்கும் நகரும், மின்முனையும் மாறும். இப்போது எஞ்சின் நத்தை வேகத்திலும் நில்லாமல் செல்கின்றது.

கண் மட்டும் பழைய கண் இல்லை. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அதில் ஆணி அடிக்க இருவருக்குக் கண்ணாடிமேல் கண்ணாடி தேவைப்பட்டது. அளவில் கறாரான சிறுவன் ஒருவன் வந்து, “மாமா, நம் நாட்டு அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் ஆயிற்றே. எண்பத்தேழில் ஒரு பங்கு என்றால் பத்தொன்பதுக்கு மேல் அல்லவா வரவேண்டும்?” என்று கேட்டான். உண்மைதான். சந்தையில் கிடைக்கும் தடம் அயல்நாட்டு 1435 மில்லிமீட்டர்ப் பாதைக்குரியது. எங்கள் டிராம்பே வண்டிகள் சற்று ஒடுங்கிய தடத்தில்தான் ஓடுகின்றன. அச்சிறுவன் எங்களை மன்னித்துவிட்டான்.

கொக்கிகளை மெல்லிய கம்பியால் நாங்களே வளைத்தோம். காந்தத்தால் தானே கழலும் கொக்கிகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றை வேண்டாம் என்றோம். ஊதுவத்திக் குச்சியின் முனையில் கம்பி கட்டி, ஒவ்வொரு முறையும் குனிந்து, கையால்தான் பிரிக்க வேண்டும். அருகில் ஒரு கரும்பலகை; உள்ளே சென்ற தடவைக்கு ஒரு கோடு.

இன்று யார்டுகளின் நிலை மாறிவிட்டது. 1980களுக்குப்பின் சரக்கு பெரும்பாலும் முழு வண்டித்தொடராகவே புறப்பட்டு முழுத்தொடராகவே சேர்கின்றது; வண்டிகளைத் தனித்தனியே பிரித்துக் கோக்கும் வேலை சுருங்கிவிட்டது. புதிய வண்டிகளில் தாமே பூட்டிக்கொள்ளும் நடுக்கொக்கி இருக்கின்றது. பக்கத்தில் நின்றபடியே கைப்பிடியால் விடுவிக்கலாம். மிக நல்லதாயிற்று. ஆள் நடுவில் நுழைய வேண்டியிராத அவ்வேலையைப் பெரியவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.

கலிபோர்னியாவில் ஜான் ஆலன் என்பவர் வீட்டின் அடித்தளம் முழுதும் மலையும் பள்ளத்தாக்குமாக ஒரு சிற்றுரு ரயில்நாட்டையே அமைத்திருந்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களுக்குள் அதன் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. 1972இல் அவர் வகுத்து வெளியிட்ட ‘டைம்சேவர்’ என்னும் சிறு ஷண்டிங் பலகையோ இன்றும் உலகெங்கும் வீடுகளில் செய்யப்பட்டு வருகின்றது. எங்கள் அடுத்த பலகை அதுவாக இருக்கலாம். ஆனால் அதில் இருவர் கடிகாரம் வைத்துப் போட்டியிடுவர். அவசரத்தில் கொக்கி கழற்றும் ஆட்டத்தைப் பெரியவர் வீட்டில் ஆடுவதா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

அன்று பெரியவர் 14இல் முடித்த வரிசை எங்களுள் ஒருவருடைய பழைய நாட்குறிப்பில் கிடைத்தது. தொட்டி வண்டி, உர வண்டி, அரிசி, நிலக்கரி, மீண்டும் தொட்டி. தொடக்க நிலையும் குறித்திருந்தது. அவர் நகர்த்திய முறை மட்டும் எழுதப்படவில்லை. மூன்று மாதமாக முயல்கின்றோம். இதுவரை எட்டியது 16. சென்ற வாரம் ஏழாம் வகுப்புப் பேத்தி ஒருத்தி, பெரியவருடைய கொள்ளுப்பேத்திதான், 16ஐ எங்களைவிட விரைவில் எட்டினாள். இன்னும் இரண்டு எங்கே ஒளிந்திருக்கின்றது என்று நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுத் தேடிக்கொண்டிருக்கின்றாள்.

பலகை மண்டபத்தின் வலப்பக்கத் தாழ்வாரத்தில் மேசைமேல் இருக்கின்றது. வண்டிகள் அதே தொடக்க நிலையில் நிற்கின்றன. சிற்றுண்டிக்குப்பின் குழந்தைகள் வரலாம், பெரியோரும் வரலாம். குச்சி இரண்டே உள்ளன. ஆகவே வரிசையில் நிற்க வேண்டுகின்றோம். கோடு போட மறவாதீர்கள்.