மொன்டே கசினோவின் சேனாபதி

கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தாயுள்ள கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்தின் அயலிலே நிற்கும் புனித பெனடிக்ற் கல்லூரியை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அக்கல்லூரி எந்த மகானின் திருநாமத்தைத் தாங்கி நிற்கிறதோ, நம் கத்தோலிக்க மக்கள் ஆசீர்வாதப்பர் என்று போற்றும் அந்த மகான், 529ஆம் ஆண்டளவில் இத்தாலி தேசத்து மொன்டே கசினோ என்னும் மலையுச்சியில் ஒரு மடத்தை ஸ்தாபித்து, மேற்கு ஐரோப்பாவின் துறவிகள் பின்னாளில் கைக்கொண்ட நியமத்தை வகுத்தருளினார். 19ஆம் நூற்றாண்டிலே கொழும்பில் மேய்ப்பர்களாயிருந்த ஆயர்கள் சிலர் அந்த நியமத்தைத் தழுவிய சில்வெஸ்திர சபைத் துறவிகளே. லூசியாள் பேராலயத்தைக் கட்டத் தொடங்கிய ஆயர் சில்லானியும் அவர்களுள் ஒருவர். இல்லறத்திலிருந்துகொண்டே அதே நியமத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த ஒருவர், ஹிட்லருடைய சேனாபதியாக அந்த மலையடியிலேயே நின்று போர் செய்ய நேர்ந்த சரித்திரத்தை இன்று சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் பிரிடோலின் வொன் செங்கர்.

செங்கர் 1891இல், ஜேர்மனியின் தென்மேற்கே, றைன் நதி சுவிற்சர்லாந்துக்கு எல்லையாக ஓடும் வால்ட்ஸ்ஹூட் என்னும் ஊரில், கத்தோலிக்கப் பிரபு குடும்பமொன்றிலே பிறந்தார். 1912இல் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்று, ஆங்கில மாணவரோடு ஒரே பந்தியில் உண்டு, அவர்களுடைய பாஷையையும் பழக்கவழக்கங்களையும் நன்கு பயின்ற அவ்விளைஞர், இரண்டாண்டு கழிந்ததும் பீரங்கிப் படை அதிகாரியாக அதே இங்கிலாந்துக்கு எதிரணியில் நிற்கவேண்டியதாயிற்று. முதலாவது உலக மகா யுத்தத்தில் அவர் பெற்ற பதக்கங்களை நான் விரித்துரைக்கப் போவதில்லை. அவற்றினும் மேலாக என் மனத்திலே தைத்த சம்பவம் ஒன்றுண்டு. 1917இல் கம்பிரேப் போர்க்களத்திலே, விமானியாயிருந்த அவருடைய தம்பி வீழ்ந்து மாண்டு, பிறருடைய பிரேதங்களோடு ஒரு பொதுக்குழியிற் புதையுண்டான். செங்கர் அந்தக் குழியைத் தேடிச் சென்று, மண்ணைத் தோண்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த சடலங்களை விலக்கி, கீழடுக்கிலே கிடந்த தம்பியைக் கண்டுபிடித்து, மோட்டார் வண்டியிலே தம் பக்கத்து ஆசனத்தில் இருத்திக் கொண்டுபோனார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. யுத்தம் இன்னதென்று அன்றே அறிந்துகொண்ட அவர், அதன்பின்னும் படையை விட்டு நீங்கினாரில்லை.

தோல்வியுற்ற ஜேர்மனிக்கு ஓரிலட்சம் பேர்கொண்ட சேனை மாத்திரமே அனுமதிக்கப்பட்டிருந்த அந்த நாட்களிலே, அவர் குதிரைப்படையில் அதிகாரியாகப் படிப்படியாக உயர்ந்தார். 1940இல் பிரான்சின்மீது படையெடுத்தபோது ஒரு மோட்டார்ப் படைப்பிரிவை நடத்தினார். 1942இன் இறுதியிலே, ஸ்டாலின்கிராட்டிற் சிறைப்பட்ட சேனையை மீட்கச் சென்று மீட்கமாட்டாது திரும்பிய மூன்று கவசப் பிரிவுகளுள் ஒன்றுக்குத் தலைவராயிருந்தார்.

1943 செப்டெம்பரிலே இத்தாலி ஹிட்லரைக் கைவிட்டு நேசநாடுகளோடு சமாதானம் செய்துகொண்டது. அவ்வேளை செங்கர் கோர்சிகாத் தீவிலிருந்து ஜேர்மன் துருப்புக்களைக் கப்பலேற்றும் காரியத்திலே ஈடுபட்டிருந்தார். பிடிபட்ட இத்தாலிய அதிகாரிகளைச் சுட்டுக்கொன்று, கொல்லப்பட்டவர்களின் பெயர்களை அறிவிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. தம்மால் முடியாது என்று தம் மேலதிகாரியான கெசல்ரிங்குக்கு அறிவித்துவிட்டு, அந்த அதிகாரிகளைக் கைதிகளாகத் தரைநாட்டுக்கு அனுப்பிவைத்தார் செங்கர். கெசல்ரிங்கும் அதனை அப்படியே விட்டுவிட்டார். தண்டனை எதுவும் வரவில்லை. இதே மாதத்திலேயே கிரேக்கத்துச் செபலோனியாத் தீவில் சரணடைந்த இத்தாலியப் போர்வீரர்களை, கட்டளைக்குப் பணிந்த வேறு ஜேர்மன் அதிகாரிகள் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றார்கள். ஆகவே, மறுத்தால் தலை போய்விடும், வேறு வழியில்லை என்று பிற்காலத்திலே அவர்கள் சொன்ன சமாதானம் எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்பதைக் கோர்சிகா நமக்குக் காட்டுகிறது.

அதன்பின்னர்தான் 14ஆவது கவசப் படையணியின் தலைமை அவரிடம் வந்தது. உரோமாபுரிக்குப் போகும் பெருவழியை அடைத்து நிற்கும் மொன்டே கசினோ அந்தப் படையணியின் பாதுகாப்பிலே இருந்தது. அவ்வாண்டு நத்தார்த் திருப்பலிக்கு மடத்துக்கு ஏறிச் சென்ற செங்கர், அங்கிருந்த சாளரங்களினூடாகக் கீழே பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பதையே தவிர்த்துக்கொண்டார். ஒரு சேனாபதியின் கண் அங்கிருந்து பகைவர் நிலையைப் பார்த்துவிட்டால் மடத்தின் நடுநிலைமைக்குப் பங்கம் வந்துவிடும் என்று எண்ணினாராம். ஆயினும் அவருடைய வீரர்களின் காவல்நிலைகள் அதே மலைச்சரிவிலே அமைந்திருந்தன. கீழே நின்ற நேசப்படையினரோ மேலேயிருந்து யாரோ தம்மைப் பார்த்துக்கொண்டேயிருப்பதாக நம்பினார்கள். நான்காவது இந்தியப் பிரிவின் தளபதி டக்கர் மடத்தைத் தகர்க்க வேண்டுமென்று வற்புறுத்த, 1944 பெப்ரவரி 15ஆம் திகதி பெரிய குண்டுவீச்சு விமானங்கள் 142உம், நடுத்தர விமானங்கள் பலவும் வந்து, ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட வெடிகுண்டுகளைச் சொரிந்தன. அங்கே அடைக்கலம் புகுந்திருந்த ஏழைக் குடியானவர்கள் மாண்டார்கள். அதன்பின்பே ஜேர்மன் பரசூட் வீரர்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து அதனை உண்மையான கோட்டையாக்கினார்கள்.

எண்பதை நெருங்கிய மடாதிபதி கிரகோரியோ தியாமாரே, தப்பியவர்களை அழைத்துக்கொண்டு, ஒரு மரச்சிலுவையின் பின்னே மலையிறங்கி வந்தார். செங்கர் அவரைத் தம் பாசறைக்கு வரவழைத்து உபசரித்தார்; பின் ஒலிவாங்கியின் முன் இருத்தி, மடத்துக்குள்ளே ஜேர்மன் வீரர் எவரும் இருக்கவில்லை என்று அவர் வாயாற் சொல்லச் செய்து, வானொலியில் ஒலிபரப்ப ஏற்பாடு செய்தார். முதியவர் சொன்னது சத்தியம். ஆனால் அந்தச் சத்தியம் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபெல்ஸின் யந்திரத்துக்குத் தீனியாயிற்று; அதன்மேலும் அவரை வழிமறித்து, மீண்டும் பேசும்படி பிற உத்தியோகஸ்தர்கள் துன்புறுத்தியதைச் செங்கரே பின்னாளில் கோபத்தோடு குறித்துள்ளார். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசும் எனக்கு இந்தச் சம்பவம் மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஏனெனில் முதல் ஒலிவாங்கியை வைத்தவர் செங்கரேயன்றி வேறொருவர் அல்லர்.

நேயர்களே, அந்த இந்தியப் பிரிவிலே மதராஸ் சப்பர்கள் என்ற பொறியியற் படையினரும் இருந்தார்கள். அவர்களுள் தமிழர் பலர். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 11ஆவது பீல்ட் பார்க் கம்பனியைச் சேர்ந்தவர். கசினோவுக்குத் தெற்கேயுள்ள மிஞ்ஞானோ, முந்திய மார்கழிவரை செங்கரின் படையணி காத்து நின்று, மிதிவெடிகளை விதைத்துவிட்டுப் பின்வாங்கிய நிலம். மிதிவெடி என்றால் என்னவென்று நம் நாட்டிலே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1944 பெப்ரவரி 24ஆம் திகதி அங்கே நிலத்தைத் துப்புரவாக்கும்போது, முன்னே சென்ற வீரர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். அந்த வகை வெடி மிதித்தவுடன் சிதறுவதில்லை. சிறு சத்தமொன்று கேட்டுச் சில விநாடிகள் சென்றபின்பே மேலெழும்பிச் சுற்றியுள்ளோர் எல்லோரையும் மாய்க்கும். சத்தத்தின் பொருளை அறிந்த சுப்பிரமணியன், அந்தச் சில விநாடிக்குள் அதன்மேல் தாமே வீழ்ந்து, கூடவிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்நீத்தார். ஜோர்ஜ் சிலுவை என்னும் உயர்ந்த விருது அவர் மறைவின்பின் அவருக்கு வழங்கப்பட்டது.

செங்கரைப் புகழ்ந்து எழுதப்பட்டவை பல. அவருடைய கல்வியும், பக்தியும், கோர்சிகாவிற் காட்டிய தைரியமும் மெய்யே. ஆயினும் கசினோவில் நேசப்படைகளை நான்கு மாதங்கள் தடுத்து நிறுத்திய சாமர்த்தியமும் அவருடையதே. அந்த நான்கு மாதங்களும் ஹிட்லருக்குக் கிடைத்த நான்கு மாதங்கள். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மண்டபத்திலே, செஞ்சோற்றுக் கடன் கழித்த கும்பகர்ணனா, தர்மத்தின் பக்கம் சேர்ந்த வீடணனா சிறந்தவன் என்று அறிஞர்கள் வாதிடக் கேட்ட நமக்கு இந்த வழக்குப் புதிதன்று. அந்த வீடணனைத் தெய்வமாக வைத்து வழிபடும் களனியும் நமக்குத் தூரத்திலில்லை. கும்பகர்ணனுக்கோ இராவணன் உடன்பிறந்த அண்ணன். பாசம் அவனைக் கட்டியது. செங்கருக்கு ஹிட்லரிடத்தில் எள்ளளவும் அன்பு இருந்ததில்லை. தாம் அவரை வெறுத்ததை 1960இல் வெளிவந்த தம் நினைவுக் கிரந்தத்திலே மறைக்காமல் எழுதினார். அன்பில்லாத இடத்தில் செய்ந்நன்றி என்னும் நியாயமும் இல்லை என்றே நான் கருதுகிறேன். அதே கத்தோலிக்கச் சமயத்திலும் அதே குதிரைப்படை மரபிலும் வளர்ந்த ஸ்டௌபன்பேர்க் 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்லத் துணிந்து, அதற்காகச் சுடப்பட்டு இறந்தார். தம் கைக்கு எட்டிய பாவத்தைச் செய்ய மறுத்த செங்கர், தம் கையாற் செய்த சேவை எந்தப் பாவத்தைத் தாங்கி நிறுத்தியது என்ற கேள்விக்குத் திருப்தியான விடை தந்தாரென்று எனக்குத் தோன்றவில்லை.

1944 மே மாதத்து இறுதித் தாக்குதல் தொடங்கிய அன்று அவர் களத்திலேயே இல்லை. ஹிட்லரிடம் பதக்கம் பெறவும் பயிற்சிக்குமாகத் தாயகம் அழைக்கப்பட்டிருந்தார். 1945 மே 4ஆம் திகதி, இத்தாலியிலிருந்த ஜேர்மன் சேனைகளின் சார்பிலே, புளோரன்சில் அமெரிக்கத் தளபதி மார்க் கிளார்க்கின் முன் சரணடைய வந்தவர் அவரே. 1948வரை கைதியாக இருந்து, விடுதலையானபின் பள்ளிக்கூடமொன்றிலே ஆசிரியரானார்.

1950 ஒக்டோபரில், புதிய ஜேர்மனிக்கு எத்தகைய சேனை வேண்டும் என்று ஆராய அழைக்கப்பட்ட பதினைந்து முன்னாள் அதிகாரிகளுள் செங்கரும் ஒருவர். அவர்கள் கூடியது ஹிம்மரோட் என்னும் மடத்திலே. அன்று அங்கிருந்த துறவிகளும் ஆசீர்வாதப்பரின் நியமத்தையே அனுசரித்தவர்கள். ஆறாண்டுகளின் பின், செங்கர் உயிரோடிருக்கும்போதே, அந்நாட்டிலே நிறைவேறிய போர்வீரர் சட்டத்தின் 11ஆவது பிரிவு, ஒரு கட்டளையை நிறைவேற்றினால் குற்றம் நிகழுமெனின் அக்கட்டளைக்குப் போர்வீரன் கீழ்ப்படியலாகாது என்று விதிக்கிறது.