தினம் ஒரு சொல்

(ஒரு கிராமப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் சாரம்)



நம்மை இங்கு பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், தினம் ஒரு புதுச் சொல்லைக் கற்றுக்கொள்வது என்பதாகும். இது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய சங்கதியல்லவா, பெரியவர்கள் கூடியுள்ள இடத்தில் இதைப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நாம் சொல்ல வந்தது பரீட்சையைப் பற்றியல்ல. நம் வீடும் நிலமும் மானமும் பிறர் கையில் சிக்காமல் இருப்பதைப் பற்றியேயாகும்.

ஒரு குடியானவர் அவசரச் செலவுக்குப் பணம் வாங்கிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனதில் இருப்பது அடமானம்; பத்திரத்தில் இருப்பதோ கிரயம். அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமலில்லை. அந்தச் சொல்லைத் தம் வாயாலேயே வாசித்தும் இருப்பார். ஆனால் அடமானமென்றால் கடன் தீர்ந்ததும் நிலம் திரும்பும், கிரயமென்றால் விற்றேவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தும், போகாவிட்டால் என்ன என்று வீட்டிலிருந்து விடுகிறவருக்கு, ஒருதலைத் தீர்ப்பு என்ற சொல் தெரியவருவது அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான். பிறகு இவர்கள் எல்லாம் தலைவிதி என்கிறார்கள். தலைவிதி எங்கே வந்தது? ஒரு சொல் தெரியாமல் போனதல்லவா காரணம்?

அப்படியானால் எல்லாச் சொற்களையும் படித்துவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை ஆறு பாகங்களாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. தினம் ஒன்றாகப் படித்தால் முடிக்க 270 வருஷத்துக்கு மேலாகும். யாராலும் ஆகிற காரியமல்ல, அவசியமும் இல்லை. யாருக்கும் புரியாத சொல்லைப் பொறுக்கிச் சபையில் வீசிப் பெருமையடித்துக்கொள்வதை நாம் படிப்பென்று சொல்லமாட்டோம். எந்தச் சொல் தெரியாததால் நாம் ஏமாறுகிறோமோ அந்தச் சொல்லை முதலில் கற்கவேண்டும்.

அமெரிக்காவில் 1818-ல் அடிமையாய்ப் பிறந்த பிரடெரிக் டக்ளஸ் என்பவரின் சரித்திரத்தைக் கேளுங்கள். பால்டிமோர் நகரில் எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். எஜமான் தடுத்துவிட்டான். படித்தவன் அடிமையாய் இருக்க லாயக்கற்றவனாகிவிடுவான் என்பது அவன் சொன்ன காரணம். அதைக் கேட்டதும், படிப்புத்தான் விடுதலைக்கு வழி என்று அந்தச் சிறுவன் கண்டுகொண்டான். தெருவிலிருந்த ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் வாங்கினான். கப்பல் பட்டறையில் மரங்களின்மேல் தச்சர்கள் போட்ட அடையாள எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான்.

அப்போது 'அபாலிஷன்' என்றொரு சொல் அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அகராதியைப் பார்த்தான், 'ஒழிக்கும் செய்கை' என்று இருந்தது. எதை ஒழிப்பது என்று அதில் இல்லை. எஜமானர்களைக் கேட்கவோ பயம். கடைசியில் ஒரு பத்திரிகையில், அடிமை முறையை ஒழிக்கக் கோரி வட நாட்டார் மனுச் செய்துகொண்ட செய்தியைப் படித்தான். தன்னை விடுவிக்கப் பாடுபடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அந்த ஒரு சொல்லால் தெரிந்தது. 1838-ல் தப்பியோடினார், 1845-ல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார்.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது இரண்டு. அடக்கி வைக்கிறவன் சொல்லுக்குப் பயப்படுகிறான் என்பது ஒன்று. அகராதி மட்டும் போதாது, சொல் வழங்குகிற இடத்தில் அதைப் பார்த்தால்தான் பொருள் விளங்கும் என்பது மற்றொன்று.

ஆகவே இந்தப் படிப்பகத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். வரி ரசீது, பத்திரம், மருந்துச் சீட்டு, பத்திரிகை இவற்றில் கண்ட ஒரு சொல்லைத் தினம் ஒருவர் எழுதட்டும். எங்கே பார்த்தார் என்பதையும் சொல்லட்டும். கேட்டவர்கள் அதை வைத்துச் சொந்தமாய் ஒரு வாக்கியம் சொல்லட்டும். மறுநாள் நேற்றைய சொல்லைக் கேட்ட பிறகே புதுச் சொல்லுக்குப் போகவேண்டும். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885-ல் வெளியிட்ட முடிவுப்படி, படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது. திரும்பப் படித்தால்தான் நிற்கிறது. ஆதலால் மறந்துவிட்டதே என்று யாரும் வெட்கப்படவேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. புருஷன் இறந்த மறுமாதம் அண்ணனும் கொழுந்தனும் நீட்டுகிற காகிதத்தில் கைநாட்டு வைக்கிறவர்கள் நீங்கள்தான். விடுதலைப் பத்திரம் என்றால் பாத்தியதையை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தால் வைப்பீர்களா? ஆகையால் கரும்பலகைக்கு முன்வரிசையில் நீங்கள் உட்காரவேண்டும்.

இனிமேல் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கூசாமல் கேளுங்கள். தெரியாது என்பதில் இழிவில்லை. கேட்க வெட்கப்படுவதுதான் ஏமாற்றுகிறவனுக்கு முதல். நாளைக்குப் பலகையில் முதற்சொல்லாகக் 'கிரயம்' என்று எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.