அந்த 75 எங்கே எழுதியிருக்கு?

போன எபிசோட்ல பி.பி.எம்.என். படம் வரையறதைப் பத்திப் பேசினோம். இன்னைக்கு அந்தப் படத்துக்குள்ள நாம தெரியாமலே புதைச்சு வைக்கிற ஒண்ணைப் பார்ப்போம்: முடிவுகள்.

2020-ல ஒரு வங்கிக்கு நகைக்கடன் நடைமுறையை வரைஞ்சு கொடுத்திருந்தேன். நகை வரும், மதிப்பீட்டாளர் உரசிப் பார்ப்பார், எடை போடுவார், தொகை முடிவாகும், பணம் போகும். நகை மதிப்புல 75 சதவீதம் வரைதான் கடன்ங்கிற விதியை டயமண்ட் கட்டங்களா படத்துக்குள்ளயே போட்டிருந்தேன். புதுக் கடன், டாப்-அப், புதுப்பித்தல்னு மூணு இடத்துல.

அந்த ஆகஸ்ட்ல, விவசாயம் அல்லாத தேவைக்கான நகைக்கடனை வங்கிகள் 90 சதவீதம் வரை கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி தளர்த்துச்சு, 2021 மார்ச் 31 வரைக்கும். நாங்க ரெண்டு இடத்துல மாத்தினோம். புதுப்பிக்க வந்தவங்களுக்கு மட்டும் பழைய 75. கொரோனா நேரம், ஒரு லட்ச ரூபாய் நகைக்கு 15,000 ரூபாய் குறைஞ்சா என்ன ஆகும்? கவுண்டர்ல ஒருத்தர் சண்டை போட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சது. தப்பு என்னோடது.

இதுக்குத்தான் டி.எம்.என். பி.பி.எம்.என்.-ஐ வெச்சிருக்கிற அதே ஓ.எம்.ஜி. அமைப்பு 2015-ல வெளியிட்டது. படத்துல 'கடன் வரம்பை முடிவு செய்'னு ஒரு பிசினஸ் ரூல் டாஸ்க் மட்டும் இருக்கும். விதி வெளியே, ஒரு அட்டவணையில. மூணு பாதையும் அதே அட்டவணையைத்தான் கேட்கும்.

பிரிச்சாச்சு, இனி படத்தைத் தொடவே வேண்டாம்னு சிலர் சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 2025 ஜூன்ல ரிசர்வ் வங்கி புது விதி கொண்டுவந்துச்சு. சொந்தச் செலவுக்கான கடன்னா 2.5 லட்சம் வரை 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதுக்கு மேல 75. அட்டவணையில மூணே வரிதான். ஆனா அந்த வரிகள் ரெண்டு கேள்வி கேட்குது: கடன் எதுக்கு? இவருக்கு ஏற்கெனவே இங்க எவ்வளவு கடன் இருக்கு? நோக்கத்தைக் கடைசி ஃபார்ம்ல கேட்கிற நடைமுறையா இருந்தா, முடிவு எடுக்கிற நேரத்துல அந்தப் பதில் கையில இருக்காது. அந்தப் படியை முன்னாடி நகர்த்தணும். பழைய நிலுவையைத் தேடி எடுக்க ஒரு படி சேர்க்கணும்.

அதனால நான் இப்போ ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். அட்டவணையில சதவீதம் மாறினா, அட்டவணையோட நிறுத்திக்குவேன். புதுசா ஒரு உள்ளீட்டுப் பத்தி சேர்ந்தா, அந்தத் தகவலை எந்தப் படி கொண்டுவருதுன்னு படத்துல விரல் வெச்சுக் காட்டச் சொல்வேன். காட்டுற வரைக்கும் அட்டவணை நேரலைக்குப் போகாது.

ஒரே கடனுக்கு ரெண்டு வரி பொருந்தினா என்ன செய்யறதுன்னு கேட்டிருந்தீங்க. அது ஹிட் பாலிசி, அடுத்த எபிசோட்ல.